ஒரே கம்பெனியில் எவ்வளவு போடலாம், மிஸ்?

பங்கு வாங்கிக் கொடுக்கும் ஒஃபிஸில் வேலை பார்ப்பவளுக்கு விலை ஏறினாலும் பயம், இறங்கினாலும் பயம்: ஏறினால் "ஏன் கூட வாங்கச் சொல்லல?" என்பார்கள், இறங்கினால் "ஏன் இவ்வளவு வாங்க விட்டீங்க?" என்பார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் சகோதரிகளுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எங்கள் ஒஃபிஸ் பண்டாரவளையில், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடி. வீடு நமுனுகுலப் பக்கத்துத் தோட்டக் குவாட்டர்ஸ். கணவருக்குத் தேயிலை ஃபெக்டரியில் வேலை. நான் படித்தது கொன்வென்டில். கும்பிடுவது முருகனை என்றாலும், பயந்தால் வாயில் வருவது "மாதாவே!" தான். ஒஃபிஸ் நேரத்தில் நான் அநேகமாகக் கத்தோலிக்கப் பெண்.

மகள் பிறந்தபோது உறவுகள் கொடுத்ததும், நான் சீட்டுப் பிடித்ததுமாக ஒரு லட்சம் ரூபாய் வங்கியில் கிடந்தது. அவள் படிப்புக்கு. பால்மா விலை ஏறும்போதெல்லாம் அந்தப் பணம் தேய்வது எனக்குக் கேட்டது. பங்கு வாங்கினால்தான் சரி என்று எனக்கே தெரியும். ஊருக்கெல்லாம் அதைத்தானே சொல்கிறேன்! ஆனால் எவ்வளவுக்கு? மகள் தூங்கிய பிறகு எழுதுகிறேன். நடுவில் எங்காவது பேச்சு அறுந்திருந்தால், அவள் விழித்துக்கொண்டாள் என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

மரக்கறி முதலாளி

கொழும்புக்கு மரக்கறி ஏற்றும் முதலாளி ஒருவர், வந்து உட்கார்ந்ததும் ஒரு ஹோட்டல் கம்பெனியின் பெயரைச் சொல்லி, "கையில இருக்கிற முழுசையும் அதுல போடுங்க" என்றார். எனக்கு மாதா நினைவு வந்துவிட்டது. ஒரே கம்பெனியில் பத்தில் ஒன்றுக்கு மேல் வேண்டாம் என்பது எங்கள் ஒஃபிஸில் சொல்லிக்கொடுத்த பாடம். அதை ஒப்பித்தேன். அவர் காது கொடுக்கவில்லை.

"ஐயா, உங்க லொறியில கேரட் மட்டுமா ஏத்துவீங்க?" என்று கேட்டேன். "அது எப்படி மிஸ்? கேரட் விழுந்தா லீக்ஸ் தூக்கும், லீக்ஸ் விழுந்தா பீட்ரூட் தூக்கும். கலந்துதான் ஏத்துவேன்." ஆள் பிடிபட்டார் என்று எனக்குச் சந்தோஷம். "அப்ப பங்கு மட்டும் ஏன் ஒண்ணே ஒண்ணு?" என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"மரக்கறி எனக்குத் தெரியும் மிஸ். தெரியாத தொழில்ல எதுக்கு நாலு எடத்துல போய் மாட்டணும்? ஒரு எடம் போதாதா?"

எங்க தோட்டம்

பரமேஸ்வரி அக்கா எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் பிள்ளை மடுவத்தில் வேலை பார்த்தவர். அம்மாமார் கொழுந்துக்குப் போனபின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. ஓய்வு பெற்றுக் கிடைத்த பணத்தை அப்படியே, அந்தத் தோட்டத்தை நடத்தும் கம்பெனியின் பங்கிலேயே போட வேண்டுமாம். "நமக்குத் தெரிஞ்ச எடம் மிஸ். ஒவ்வொரு மலையும் எனக்கு அத்துப்படி."

எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்யப் பார்க்கும் காரியம் இது. "அக்கா, இருக்கிற லயம் அவங்களோடது, மகன் வேலையும் அங்க. காசும் அங்கயே போனா, அந்தக் கம்பெனிக்கு ஒரு கெட்ட வருஷம் வந்தா உங்க வீட்டுல எல்லாரும் சேர்ந்தில்ல படுத்துக்கணும்?" என்றேன். யோசித்தார். பெரும்பகுதியை வங்கியில் நிலையான வைப்பில் போடச் சம்மதித்தார். ஆனாலும் எழுந்து போகவில்லை. கொஞ்சமாவது அந்தப் பங்கு வேண்டுமாம். நூறு பங்கு வாங்கிக் கொடுத்தேன். அப்படி என்ன ஆசை என்று கேட்டேன்.

"காலையில பெரட்டுக்களத்துல வரிசையா நிக்கவச்சு பேர் கூப்பிட்டாங்கல்ல? இனிமே 'அன்புள்ள பங்குதாரர்'னு கடுதாசி போடணும்ல, மிஸ்?"

டொக்டரின் கேள்வி

பதுளையில் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருவர். எதையும் படித்துவிட்டுத்தான் வருவார். ஒரு வங்கிப் பங்கைப் பற்றி நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாம் சரி. நீர் எவ்வளவு போட்டிருக்கிறீர், பிள்ளை?"

கொன்வென்டில் படித்தவளுக்குப் பொய் சொன்னால் காது சிவந்துவிடும். ஒன்றும் போடவில்லை, பயமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டு எழுந்து போவார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"நானும் நோயாளிக்குக் குடுக்கிற குளிசையை விழுங்கிறேல்லைத்தான். ஆனா குளிசையைக் கண்டு நடுங்கிறேல்லை, பிள்ளை."

லுணுகலைத் தம்பதி

லுணுகலையிலிருந்து ஒரு வாத்தியார் மனைவியோடு வந்தார். பேங்க் லோன் எடுத்து, வீட்டில் சொல்லாமல், ஒரே பங்கில் போட்டிருக்கிறார். அது பாதியாகிவிட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரித் தலைகுனிந்து நின்றார். நான் எழுதித் தந்த கணக்கை அந்த அம்மா முழுவதும் பார்த்தார். அழுவார் என்று நான் தண்ணீர் எடுத்து வைத்தேன். அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"நல்ல காலம் மிஸ், வெறும் காசுதான்! சோத்துல கை வச்சுக்கிட்டு எங்கயோ பாத்துக்கிட்டிருந்தாரு. நான் வேற எவளோன்னுல்ல நெனச்சேன்!"

நான் வாங்கிய கதை

அன்று பஸ்ஸில் வரும்போதுதான் எனக்கு ஓர் அளவு கிடைத்தது. பங்கு விழுந்தால், எவ்வளவு போனது என்று சோறு போடும்போது கணவரிடம் சொல்ல முடிய வேண்டும். அதற்கு மேல் போடக்கூடாது.

வீட்டுக்கு வந்து, வெங்காயம் நறுக்கிக்கொண்டே ஒத்திகை பார்த்தேன். டொக்டரிடம் சொன்ன அதே வங்கிப் பங்கு. "ஏங்க, அம்பதாயிரம் போட்டேன், பாதி போச்சு." குரல் தொண்டையிலேயே நின்றுவிட்டது. "ஏங்க, முப்பதாயிரம் போட்டேன், பாதி போச்சு." குரல் வந்தது, கூடவே கண்ணீரும் வந்தது, வெங்காயம் பாதி, நான் பாதி. மூன்றாவது முறை பத்தாயிரத்துக்கு இறங்கி வாயைத் திறப்பதற்குள், மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் வாசலில் நிற்கிறார். முகத்தில் ரத்தமே இல்லை.

"எவ்வளவும்மா போச்சு? சும்மா சொல்லு, ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"இன்னும் போடவே இல்லீங்க."

அவர் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது. அப்பா சிரிப்பதைப் பார்த்து மகளும் சிரித்தாள். மறுநாள், எங்கள் ஒஃபிஸ் விதிப்படி மேனேஜரிடம் அனுமதி கேட்டு, அது கிடைத்த அன்றே பத்தாயிரத்துக்கு வாங்கினேன். மிச்சம் வங்கியிலேயே இருக்கட்டும். சாயங்காலத்துக்குள் விலை கொஞ்சம் இறங்கியது. சோறு போடும்போது சொன்னேன். குரல் நன்றாகவே வந்தது. அவர் தட்டிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"சரி. அந்தக் கருவாட்ட இன்னும் கொஞ்சம் வையி."

இப்போதெல்லாம் ஒரே கம்பெனியில் எவ்வளவு போடலாம் என்று யார் கேட்டாலும் "வீட்டில் யாரிடம் சொல்லப் போகிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்கிறேன், இந்தக் கேள்வியால் வியாபாரம் படுத்துவிட்டது என்று மேனேஜர்தான் இப்போது மாதாவைக் கூப்பிடுகிறார்.