கலஹா மலையில் ஜோடித் தடம்

சோறு வெந்து இறக்கிய வாசம்...

கலஹாவுக்கு மேலே, தேயிலை முடிந்து பைனஸ் மரக் காடு தொடங்குகிற இடம். கிட்டத்தில் ஆட்கள் குடியிருக்கும் ஒரு லயம்கூட இல்லை. காலை மூட்டத்தில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. அங்கே நல்ல சோற்று வாசம் வந்தால் நின்றுவிட வேண்டும். சிறுத்தை சிறுநீர் தெளித்துத் தன் எல்லையைக் குறித்துவிட்டுப் போயிருக்கிறது, அதுவும் சற்று முன்னால்தான் என்று அர்த்தம்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்த கையோடு எனக்குக் கிடைத்த முதல் வேலை இது. தோட்டங்களில் திரியும் சிறுத்தைகளைத் தடம் பார்த்துப் பின்தொடர்வது. கண்டி டவுனில் துணிக்கடை வைத்திருந்த அப்பாவுக்கு இதை மற்றவர்களிடம் எப்படிச் சொல்வதென்றே தெரியவில்லை. "மகளுக்கு கேம்பஸ்ல வேலை" என்பார். அத்தோடு பேச்சை மாற்றிவிடுவார்.

யுத்த காலம் வேறு. தோட்டத்து ஆட்கள் சிறுத்தையைப் புலி என்றுதான் சொல்வார்கள். நாங்கள் பஸ்ஸில் அந்தச் சொல்லை வாயில் எடுக்க மாட்டோம். "அது நேத்து எந்தப் பக்கம் போச்சு?" என்று மெதுவாகக் கேட்டுக்கொள்வோம்.

அந்த வேலையில் என்னோடு கூட வந்தவள் நிர்மலா. யாழ்ப்பாணத்துக்காரி, என் வயதுதான். ஸ்கொலர்ஷிப்பில் ஆபிரிக்கா போய், ஒரு சரணாலயத்தில் சிங்கக் கூட்டங்களைப் பின்தொடர்ந்துவிட்டு வந்தவள். ஆண் சிங்கங்கள் இரண்டு மூன்றாகக் கூட்டுச் சேர்ந்து திரியும், அநேகமாக அண்ணன் தம்பிகள்தான் என்பாள். ஒன்று செத்துப்போனால் மற்றது பொழுதுபடும் நேரத்தில் கூப்பிடுமாம். கூப்பிட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்குமாம்.

அன்று அந்த வாசம் வந்த இடத்தில், ஈர மண்ணில் தடம் கிடந்தது. நிர்மலா குந்தியிருந்து வெகுநேரம் பார்த்தாள்.

"ரெண்டு," என்றாள். "ரெண்டும் ஆண். ஒண்டுக்குப் பக்கத்தில ஒண்டு நடந்திருக்கு."

"தாயும் குட்டியுமா இருக்கலாமே?"

"இல்லை. அளவைப் பாரும். சிங்கம் எண்டால் நான் யோசிக்க மாட்டன். இது தனியத் திரியிற சாதி. வளர்ந்தாப் பிறகு இப்பிடிச் சேர்ந்து நடக்காது."

அந்த மலையில் கொழுந்து பறிக்கும் பவளம் அக்காவிடம் கேட்டோம்.

"ஆமாங்க மிஸ், ரெண்டுதான். மேல ஒன்னு மரம் அறுக்கிற மாதிரி சத்தம் குடுக்கும். கீழ ஆத்தோரத்துல இருந்து மத்தது பதில் குடுக்கும். நாங்க நடுவுல நின்னு கொழுந்து எடுக்கிறோம்."

பயமில்லையா என்றேன்.

"பயந்துகிட்டு வீட்டுல இருந்தா யாருங்க சம்பளம் குடுப்பா?"

பல வாரங்கள் அந்த இரண்டையும் தொடர்ந்தோம். ஒருநாளும் கண்ணில் படவில்லை. ஆனால் சில காலைகளில், முந்தின நாள் நாங்கள் நடந்த சப்பாத்துத் தடம் அப்படியே இருக்கும்... அதற்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. எங்களோடு கூடவே நடந்து வந்ததைப் போல.

பிறகு ஒரு காலை, பவளம் அக்கா ஓடி வந்தார். ஆற்றோரத்தில் காட்டுப்பன்றிக்கு யாரோ வைத்த கம்பிச் சுருக்கில் ஒன்று மாட்டிக்கொண்டதாம்.

போய்ப் பார்த்தோம். இடுப்பில் கம்பி இறுகியிருந்தது. இளம் ஆண். தோட்டத்து ஆபிஸில் இருந்து மிருக வைத்தியருக்கு டெலிபோன் பண்ணினோம். வந்து சேர மத்தியானமாகும் என்றார்கள். யாராவது வந்து கல்லெறிந்துவிடுவார்களோ என்று நாங்கள் இருவரும் தள்ளி நின்று காவல் இருந்தோம்.

மூட்டம் இறங்கி ஆற்றையே மூடிவிட்டது. அப்போதுதான் அந்த அறுக்கும் சத்தம். முதலில் மேலே. கொஞ்சம் கழித்து எங்களுக்குப் பின்னால். அப்புறம் அக்கரையில். ஒரு இலைகூட அசையவில்லை. ஒவ்வொரு தடவையும் சுருக்கில் கிடந்தது தலையைத் தூக்கி, இருந்த மூச்சை எல்லாம் திரட்டிப் பதில் கொடுத்தது.

"நிர்மலா, போயிடலாம்."

"அது எங்களுக்கு வரேல்லை. தன்ர சகோதரத்துக்கு வந்திருக்கு. அசையாமல் இரும்."

அவள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

வைத்தியரின் ஜீப் சத்தம் கேட்டபோது, அதற்கு உயிர் போயிருந்தது.

உடலை எடுத்துப் போனார்கள். அடுத்தடுத்த நாட்களிலும் மேலே இருந்தது கூப்பிட்டது. கூப்பிடும்... நிறுத்தும்... காத்திருக்கும். அந்த இடைவெளியில் கொழுந்து பறிக்கிற பெண்களின் பேச்சும் நின்றுவிடும். மேலே தடமும் இப்போது ஒன்றுதான்.

ஒரு காலை பதில் வந்தது. ஆற்றோரத்திலிருந்து.

இருவரும் இறங்கி ஓடினோம். ஆற்றங்கரையெல்லாம் சேறு. எங்கள் கால் புதைந்த தடத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை.

"எதிரொலி," என்றாள் நிர்மலா. "பள்ளத்தில பட்டுத் திரும்பி வருது."

எனக்கும் அது போதுமாக இருந்தது.

மறுநாள் விடிந்ததும் பவளம் அக்காவோடு மலையின் நடுவில் போய் நின்றோம். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு சத்தம் வந்தது. கீழே, ஆற்றோரத்திலிருந்து.

அதற்குப் பிறகுதான் மேலே இருந்தது பதில் கொடுத்தது.

நிர்மலா என்னைப் பார்க்கவில்லை. பவளம் அக்கா கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டு, "வாங்க மிஸ், மேல போயிருவோம்," என்றார். மூன்று பேரும் ஏறினோம்.

சில நாட்களில் அந்த ஒற்றைத் தடம் ஹந்தானை மலைப் பக்கமாகப் போனது. திரும்பி வரவில்லை. நாங்கள் தோட்டத்து ஆட்களோடு சேர்ந்து கண்ணில் பட்ட கம்பிகளை எல்லாம் வெட்டி எடுத்தோம்.

நிர்மலா இப்போது லண்டனில். கிழமைக்கொரு தடவை வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்கிறோம். பிள்ளைகள், முழங்கால் வலி, அங்கத்தைய குளிர்... அந்தக் காலையைப் பற்றி அவளும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை.

போன மாதம் அதே மலைக்குப் போயிருந்தேன். இப்போது மரங்களில் கேமரா கட்டியிருக்கிறார்கள். சிறுத்தை நடந்தால் தானாகவே படம் விழுகிறது. அன்று ஒரு தடத்துக்கே எங்களுக்கு ஒரு காலை முழுக்கப் போய்விடும். அந்த வேலையில் இருக்கும் பெண் ஒருத்தி படங்களைக் காட்டினாள். மீசைமயிர் எண்ணலாம், அவ்வளவு தெளிவு. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

"சத்தமும் பதிவாகுமா?" என்று கேட்டேன்.

"இல்லங்க மிஸ், படம் மட்டுந்தான்."

நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.