பிரேக் அண்ணன் விட்டுவைத்த விமானம்

யாருமே ஏறாத விமானம் குலுங்காமல் தரையிறங்க வேண்டும் என்று ஒரு மனிதர் பதினோரு ஆண்டுகள் பாடுபட்டால், அந்தப் பாடு யாருக்காக?

மாலை ஆறரைக்கு வேலையிலிருந்து வந்து, கிரீஸ் போக முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, லிஃப்ட் மெக்கானிக்கான அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்கிறார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூக்கைத் திரைக்கு அருகே கொண்டுபோகிறார். திரையில் ஒரு விமானம் ஓடுபாதையை நோக்கி இறங்கி வருகிறது. சக்கரம் தரையைத் தொடுகிறது. "ப்ச்" என்கிறார். நோட்டை இழுத்து, ஸ்கேல் வைத்து, ஓர் எண்ணை அடிக்கிறார்.

அது வீட்டிலிருந்தபடியே விமானம் ஓட்டும் விளையாட்டு. உலகெங்கும் பலர் அதில் விமானிகளாகிறார்கள். இவர் ஒரு நாளும் ஓட்டியதில்லை. விளையாடுபவர் ஓட்டும் ஒரு விமானத்தைச் சுற்றி, நிலையம் வெறிச்சோடித் தெரியக் கூடாது என்பதற்காகக் கம்ப்யூட்டரே நாற்பது ஐம்பது விமானங்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கும். மற்றவர்களுக்கு அவை நாடக மேடையின் பின்திரை. இவருக்கு அவைதான் நாடகம். அவை இறங்கும் லட்சணம்தான் சகிக்காது. சில, சுவரில் மோதியதுபோல் நட்டநடுவில் நின்றுவிடும். சில, மாலை நடைக்கு வந்ததுபோல் கடைசி வரை உருண்டு போகும். பின்னால் வருவது இடம் கிடைக்காமல் மறுபடி மேலே ஏறும். ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு கோப்பு உண்டு; அதில் வேகம், இறக்கை மடிப்பு, பிரேக் என்று சில எண்கள். ஓர் எண்ணை மாற்றுவார், இறக்கிப் பார்ப்பார், மறுபடி மாற்றுவார். ஒரு விமானத்துக்கு நாற்பது தடவை.

"தூங்குற குழந்தையக் கட்டில்ல விடுற மாதிரி இறங்கணும்" என்பார்.

"நம்ம பொண்ண நீங்க ஒரு நாளாவது அப்படி விட்டிருக்கீங்களா? தொப்புனு போடுவீங்க. அது முழிச்சு அழும். நான் எழுந்து வருவேன்" என்பார் மனைவி.

நோட்டில் நான்கு கட்டங்கள்: விமானம், பழைய எண், புதிய எண், காரணம். காரணக் கட்டம் ஒருபோதும் காலியாக இருந்ததில்லை. "மூக்கு குத்துது." "பின்னாடி வர்றவன் காத்துக் கிடக்கான்." "நின்னப்புறம் ஒரு ஆட்டம் ஆடுது, தேவையில்லாத ஆட்டம்." பிழைப்பிலிருந்து வந்த பழக்கம் இது. எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் ஏறினாலும் இறங்கும்போது செருப்பு நுனியால் வாசல் விளிம்பைத் தடவி, லிஃப்ட் மாடித் தரையோடு மட்டமாக நிற்கிறதா என்று பார்ப்பார். பின்னால் ஆறு பேர் நெருக்கிக்கொண்டிருக்க, "அரை விரல் தூக்கல்" என்று அறிவித்துவிட்டுத்தான் வெளியே வருவார்.

திருத்திய கோப்புகளை இணையத்தில் ஒரு குழுவுக்கு இலவசமாகக் கொடுக்கிறார். அங்கே அவர் பெயர் பிரேக் அண்ணன். ஒருமுறை, ஒரே கோப்பு எல்லா ஊர் விமான நிலையங்களுக்கும் பொருந்தும் என்பதை மறந்து, நீண்ட ஓடுபாதையில் மட்டும் சோதித்து, பிரேக்கை வெண்ணெயாக்கி அனுப்பிவிட்டார். குழுவில் ஒருவர் குட்டித் தீவு ஒன்றின் குட்டி ஓடுபாதையைத் திறந்தார். மாலையில் படத்தோடு செய்தி வந்தது: "அண்ணே, நம்ம விமானம் பதினேழு பேர் வரிசையா கடல்ல குளிக்கப் போயிட்டாங்க."

ஒரு மணி நேரத்தில் சரிசெய்தார். ஆனால் அவர் எழுதிய மன்னிப்பு, இரங்கல் செய்தியைப் போல இருந்தது. இரவுச் சாப்பாட்டிலும் கை ஓடவில்லை. "அதுல ஒரு ஈ காக்கா இல்லீங்க" என்று மனைவிதான் நினைவூட்ட வேண்டியிருந்தது.

இந்தப் பதினேழுதான் பின்னால் வில்லங்கமானது. மகள் தூரத்து நகரம் ஒன்றில் வேலைக்குப் போய் இரண்டு ஆண்டுகள். ரயிலில் இரண்டு நாள். மனைவியின் முழங்கால் அவ்வளவு நேரம் மடங்கி இருக்காது. விமானத்தில் மூன்று மணி நேரம். மகள் மூன்று முறை அழைத்தாள். முதல் முறை பனிமூட்டம் என்றார் இவர். இரண்டாம் முறை, அந்த ஊர் ஓடுபாதை ஈரமாக இருக்கும் என்றார். மூன்றாம் முறை காரணம் எதுவும் அகப்படாமல், "அடுத்த மாசம் பாக்கலாம்" என்றார். தன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தார்.

"இதுவரைக்கும் எத்தனை விமானம் இறக்கியிருப்பீங்க?"

"நாப்பதாயிரம் இருக்கும்."

"அப்புறம் என்ன பயம்?"

"இறக்கினதாலதான் சொல்றேன்."

"சரி. எனக்கு என் பொண்ணப் பாக்கணும். நான் மட்டும் போறேன். நீங்க கம்ப்யூட்டர்ல பின்னாடியே வாங்க."

இரண்டு டிக்கெட்டாகத்தான் போட்டார்கள்.

ஜன்னல் மனைவிக்கு. இவர் நடு இருக்கையில் விறைத்து உட்கார்ந்து, இறங்கும் நேரத்தில் இறக்கையின் ஒவ்வொரு முனகலுக்கும் பாடம் ஒப்பிப்பதுபோல் ஏதோ முணுமுணுத்தார். சக்கரம் தரையை அடித்தது. கட்டிலில் குழந்தையை விட்டதுபோல் அல்ல, மூட்டையைப் போட்டதுபோல். இன்ஜின் உறுமியது. பிரேக் பிடித்தது. மொத்த விமானமும் முன்னால் சாய்ந்தது. பதினோரு ஆண்டுகளாக அவர் எண் எண்ணாகத் துடைத்தெறிந்த அதே சுவரில் மோதும் பிரேக்.

அவருடைய இடது கை தானாகப் பாய்ந்து மனைவியின் குறுக்கே விழுந்தது. மனைவி பெல்ட் போட்டுத்தான் இருந்தார். ஆனாலும் விமானம் ஓடுபாதையை விட்டுத் திரும்பும்வரை கை அங்கேயே இருந்தது.

வெளியே காத்திருந்த மகளிடம் மனைவி முதலில் சொன்னது இதைத்தான்: "விமானத்தை அவங்க நிறுத்தினாங்கடி. என்னை உங்கப்பா நிறுத்தினார்."

"என்னப்பா, எப்படி இருந்தது?"

"பிரேக் ரொம்ப அதிகம். எழுபதுக்குக் குறையாது" என்றார் அவர். திரும்பி வரும் பயணத்தில், கை மறுபடி தானாகப் பாய்ந்துவிடாதபடி இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்திருந்தார்.

வீடு திரும்பிய மறுவாரம் புதிய கோப்புகள் குழுவுக்குப் போயின. எல்லா விமானங்களும் வழக்கம்போல் வெண்ணெய். இரண்டு நாள் கழித்து ஒருவர் எழுதினார்: "அண்ணே, காலைல வர்ற அந்த ஒண்ண மட்டும் மறந்துட்டீங்க. நீங்க கை வைக்கிறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சோ அப்படியே சுவத்துல மோதுது." அவர்கள் இருவரும் போய் இறங்கிய அதே வழித்தடத்தின் விமானம் அது.

"மறக்கல" என்று பதில் எழுதினார்.

காபி கொண்டுவந்த மனைவி தோளுக்கு மேலாக அதைப் படித்தார். "மறக்கலன்னா? ஏன் அப்படி விட்டீங்க?"

அவர் நோட்டை எடுத்தார். அந்த விமானத்தின் வரிசையில் முதல் மூன்று கட்டங்கள் நிரம்பியிருந்தன: பழைய எண் நாற்பத்திரண்டு, புதிய எண் எழுபது. பேனாவை நான்காவது கட்டமான காரணத்தின் மேல் கொண்டுபோனார். பிறகு அதைக் காலியாகவே விட்டு, இடது கையால் ஸ்கேலைப் பிடித்து, அந்த வரிசைக்குக் கீழே நேராக ஒரு கோடு இழுத்து, நோட்டை மூடினார்.