அம்மா தூங்குகிற படம்

எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தூரிகை பிடிக்க வரும். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்; அவர் கோயில் சுவரில் சாமி எழுதுவார். அண்ணன்கள் கடைப்பலகை எழுதுவார்கள். நான் காகிதத்தைக் கிழித்து ஒட்டிப் படம் செய்வேன். அதற்கு வீட்டில் இருந்த பெயர் குப்பை.

எங்கள் சித்தூர் ஆந்திராவுக்கா தமிழ்நாட்டுக்கா என்று இரண்டு பக்கமும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலம் அது. கேட்டவர்களுக்கெல்லாம், தமிழிலும் தெலுங்கிலும், எங்கள் வீட்டு ஆண்கள் சுவரொட்டி எழுதிக் கொடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் பசை காய்ச்சியது அம்மா. மைதாவும், பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தமும் போட்டு, அடிபிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருப்பாள். சித்தூர் எந்தப் பக்கம் போனால் என்ன, அவள் அடுப்பை விட்டு எந்தப் பக்கமும் போகவில்லை. ஊரிலுள்ள சாமிக்கும் தலைவருக்கும் படம் எழுதிய வீட்டில் அவளுக்கு ஒரு படம் கிடையாது. நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் செய்தேன். மழையில் நைந்து உரிந்த சுவரொட்டிகளைப் பொறுக்கி வந்து, அட்டையில் ஒட்டி, அம்மாவைச் செய்தேன். சேலைக்குத் தெலுங்கு எழுத்து, கைகளுக்குத் தமிழ் எழுத்து. மத்தியானத்தில் அடுப்படியிலேயே கையைத் தலைக்கு வைத்துச் சற்றுக் கண்ணயர்வாள், அந்தக் கோலம். மூடிய இமைகளுக்கு மட்டும் எழுத்தில்லாத வெள்ளைத் துண்டுகளைத் தேடி ஒட்டினேன். திருப்பதியில் நடந்த கண்காட்சிக்கு அதைக் கேட்டிருந்தார்கள். என் வேலை வீட்டு வாசலைத் தாண்டப் போவது அதுதான் முதல்முறை.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் படமானாலும் கண்ணைக் கடைசியில்தான் எழுத வேண்டும். வீட்டுப் பெரியவர் விடியற்காலையில் குளித்துவிட்டு வந்து எழுதுவார்.

கிளம்ப வேண்டிய அன்று காலை எழுந்து பார்த்தால், படத்திலிருந்த அம்மா என்னை முறைத்துக்கொண்டிருந்தாள். என் வெள்ளைத் துண்டுகளின்மேல் அகலமாக இரண்டு அம்மன் கண்கள். மை இன்னும் காயவில்லை. நைனா ஈரத்தலையோடு தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“இன்னாடி, கண்ணு தொறக்காம உட்டுட்டுத் தூங்கிக்கினு கீற? நாந்தான் தொறந்து வச்சேன்” என்றார். முகத்தில் பெருமை வேறு.

“அம்மா தூங்கறா நைனா! அது தூங்கற படம்!”

“தூங்கற மூஞ்சிய எவனாச்சும் எழுதுவானா? பொணம்னு சொல்லுவாங்க.”

சத்தம் கேட்டு அம்மா பசைக் கரண்டியோடு வந்தாள். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“அதுலயும் முழிச்சிக்கினுதான் இருக்கணுமா நானு?” என்றாள்.

நைனா தூரிகையை உதறிவிட்டு உள்ளே போகப் பார்த்தார். தரையில் காய்ந்துகொண்டிருந்த அவருடைய புதுச் சுவரொட்டியின் எழுத்தில்லாத வெள்ளை ஓரத்தை, அவர் கண்முன்னாலேயே கிழித்தேன். அம்மாவின் கரண்டியிலிருந்து பசையை வழித்து, கிழித்த துண்டுகளை அந்தக் கண்களின்மேல் இமையாக ஒட்டினேன். அவர் கத்தக் கத்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அடுத்த பஸ்ஸிலேயே அவரும் திருப்பதிக்கு வந்துவிட்டார். அதற்குள் ஈரப் பசையில் மை ஊறி, கண்களைச் சுற்றிக் கருவளையமாகப் படிந்திருந்தது. பார்த்தவர்கள், அலுப்பு அப்படியே தெரிகிறது என்று மெச்சினார்கள்.

“அந்தக் கருப்பு நான் வச்சது” என்றார் நைனா, நெஞ்சை நிமிர்த்தி.

“ஆமா நைனா” என்றேன், எல்லார் முன்னாலும். “வீட்ல அம்மா கண்ணுக்குக் கீழ கீற கருப்பும் நீ வச்சதுதான்.”