கன்னத்தில் பதிந்த கல்

செமோர் பக்கத்தில் எங்கள் பழைய ரப்பர் தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றுவிட்டார்கள். அங்கிருந்த முனியாண்டி சாமியை, நாங்கள் இப்போது குடியிருக்கும் புந்தோங்குக்குக் கொண்டுவர என் அக்கா லாரி பிடித்தாள். நானும் போனேன். அந்தக் கோயிலில் சிலை கிடையாது. ஒரு கல்தான் சாமி. முன்பக்கம் சந்தனமும் குங்குமமும், பின்பக்கம் பாசியும் பல வருடமாக அப்பிக் கிடந்தன.

பழைய பூச்சோடு சாமியை வண்டியில் ஏற்றக் கூடாதென்று, வந்திருந்த பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் குளிப்பாட்டினார்கள். இருபுறமும் விளக்கு வைக்கிற இரண்டு கற்களையும் அப்படியே விட அவர்களுக்கு மனம் வரவில்லை. அவற்றுக்கும் குளியல். லாரிக்காரர் மூன்றையும் பாதையோரம் உருட்டி வைத்தார். ஒரே உயரம், ஒரே ஈரம். எது சாமி என்று யாருக்கும் தெரியவில்லை.

"எதுன்னு சொல்லுங்க லா, அக்கா. இல்லாட்டி மூணையும் கும்பிட்டுருவோம்," என்றார் லாரிக்காரர்.

"ஒன்னு சாமி. மத்த ரெண்டும் ஒன் மாமனாரா?" என்றாள் அக்கா.

எல்லாரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. அவளுடைய முதல் குழந்தை இந்தத் தோட்டத்தில்தான் காய்ச்சலில் இறந்தது. புதைத்த இடத்தைப் போன மாதமே புல்டோசர் சமப்படுத்திவிட்டது. அவளுக்கு மிச்சம் இந்தக் கல்தான்.

பத்திரிகை வேலையாக ஒருமுறை கல்குவாரிகளைச் சுற்றியபோது பாறைகளைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டது கொஞ்சம் நினைவிருந்தது. குனிந்து பார்த்தேன். மூன்றும் பூமிக்கடியில் உருகிக் கிடந்த பாறைக் குழம்பு ஆறி இறுகியவை. ஒன்று ரவை போல நைசாக இருந்தது: குறுகிய வெடிப்பில் புகுந்து சீக்கிரம் ஆறியது, படிக மணிகள் வளர நேரமில்லை. இன்னொன்றில் எல்லா மணியும் அரிசி அளவு; ஒரே நிதானத்தில் ஆறியிருக்கிறது. மூன்றாவதில் சின்ன மணிகளுக்கு நடுவே கட்டைவிரல் நகம் அளவு வெள்ளைப் படிகங்கள். அவை ஆழத்தில் நெடுங்காலம் மெதுவாக வளர்ந்தவை. மிச்சக் குழம்பு பிறகு மேலே வந்து வேகமாக ஆறியிருக்கிறது. மழை சுற்றிலும் அரித்துவிட, படிகங்கள் கட்டம் கட்டமாகப் புடைத்து நின்றன.

எது எப்படி ஆறியது என்று என்னால் சொல்ல முடிந்தது. எது முனியாண்டி என்று சொல்ல முடியவில்லை.

அக்கா ஒவ்வொன்றாகத் தடவினாள். சர்க்கரை வியாதியில் அவள் விரல் நுனிகள் மரத்துப்போய்ச் சில வருடமாகிறது.

"ஒன்னும் தெரியலடா."

பிறகு மண்ணில் முழங்காலிட்டு முதல் கல்லில் கன்னத்தை வைத்தாள். நகர்ந்து இரண்டாவதில் வைத்தாள். படிகங்கள் புடைத்திருந்த மூன்றாவது கல்லிலிருந்து அவள் எழவில்லை.

"புள்ள போன அன்னைக்கு இதுலதான் சாஞ்சு கெடந்தேன். வீட்டுக்குப் போனப்ப கன்னம் பூரா கட்டம் கட்டமா பதிஞ்சிருந்துச்சு. ஒங்க மாமா அதயே தடவிக்கிட்டு இருந்தாரு."

லாரிக்காரர் செருப்பைக் கழற்றினார். தன் சீட்டு மெத்தையை உருவி லாரிக்குள் விரித்து, கல்லை அதன்மேல் ஏற்றினார்.

அக்கா முன்னால் ஏறவில்லை. வழியெல்லாம் பின்னால் கல்லோடு சாய்ந்து வந்தாள். புந்தோங்கில் இறங்கக் கை கொடுத்தேன். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். விரலுக்கு ஒன்றும் பிடிபடவில்லை போலும்.

"பதிஞ்சிருக்கா?"

"இருக்குக்கா."