காலரில் ஊசி தேடியவர்

ஹிஞ்சேவாடியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலைக்குப் போகிற என் மருமகள், கம்பெனி வண்டி நெரிசலில் நிற்கும் நேரமெல்லாம் போனில் பழைய இந்திப் படம் பார்ப்பாள். போன வாரம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். பட்டுச் சட்டை போட்ட ஜமீன்தார் ஒருவர் கட்டிலில் செத்துக்கொண்டிருந்தார்.

"அத்தே, சாகப்போறவரு எதுக்குக் காலரை நோண்டுறாரு?"

ஊசி தேடுகிறார் என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ஜமீன்தாராக நடித்தவர் என் தாய்மாமன். ஆனால் அந்தக் கை என் அப்பாவுடையது. எனக்கு எழுதப் படிக்கப் பெரிதாக வராது. ஆனால் கண்ணால் பார்த்ததை மறக்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

மராத்தி ஊரில் நாங்கள் பிழைக்க வந்த கட்கி பஜாரில் அப்பாவுக்குத் தையல் கடை. நூல் கோத்த ஊசியைச் சட்டைக் காலரில் குத்தி வைத்திருப்பார். மாமாவுக்குக் கடை கண்ணி எதுவும் கிடையாது. விநாயகர் பந்தல்களில் இரண்டு பாட்டுக்கு நடுவே மேடையேறி, முதுகைக் காட்டி நிற்பார். திரும்பினால் வேறு ஆள். எங்கள் தெருப் பால்காரர், ஈரானி ஹோட்டல் முதலாளி, யார் வேண்டுமானாலும். மராத்திக்காரரும் தமிழரும் ஒன்றாக விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அந்தத் தொழிலில் ஒரு முறை உண்டு. ஒருவருடைய முகத்தை எடுத்தால், அதை அவர் முன்னாலேயே ஒரு தரம் ஆடிக் காட்ட வேண்டும். அவர் சிரிக்க வேண்டும், இல்லை திட்ட வேண்டும். அப்போதுதான் எடுத்தது உடம்பை விட்டு இறங்குமாம். பால்காரர் சொம்பையே வீசி அடித்தார். மாமா நெற்றி வீங்கி, நிம்மதியாக வீடு வந்து சேர்ந்தார்.

பிறகு பம்பாய்க்குப் போய்ச் சினிமாவில் சேர்ந்தார். கூர்க்கா, தபால்காரர், கல்யாணத்தில் விளக்குத் தூக்குகிறவர் என்று ஓடிக்கொண்டிருந்தவருக்கு ஒரு பெரிய வேஷம் வந்தது. படுக்கையில் கிடந்து சாக வேண்டும். எப்படிச் சாவது என்று தெரியாமல் கட்கிக்கு வந்தார். அப்பா அப்போது நெஞ்சு நோயில் படுத்திருந்தார்.

மாமா கட்டிலருகே உட்கார்ந்தே இருந்தார். அப்பா இருமினால் மாமாவின் தோள் குலுங்கும். அப்பாவின் மூச்சு நின்று வந்தால் மாமாவின் மூச்சும் நின்று வரும். நான் தண்ணீர் டம்ளரோடு வாசற்படியிலேயே நின்றுவிடுவேன்.

"பாவி, நோயாளிகிட்டயுமா உன் வித்தை!" அம்மா கரண்டியைத் தூக்கினாள்.

"விடு. நான் வேற என்னத்தைக் குடுக்கப் போறேன்?" என்றார் அப்பா. "இருமலை எடுத்துக்கடா மச்சான். ஆனா கொண்டாந்து எனக்குக் காட்டிடணும்."

காட்டுவதற்குள் அப்பா போய்விட்டார். கடைசி மூச்சில் அவர் விரல்கள் காலரைத் தடவி ஊசியைத் தேடின. பார்த்தது நானும் அம்மாவும்தான். மாமா பம்பாயில் படப்பிடிப்பில் இருந்தார். தந்தி தாமதமாகக் கிடைத்து அவர் வருவதற்குள் காரியமெல்லாம் முடிந்திருந்தது.

அவர் வந்தது நடுப்பகலில். அம்மா தையல் மிஷின் மிதித்துக்கொண்டிருந்தாள். சந்தில் இருமல் கேட்டது. அப்பாவின் இருமல். மிஷின் நின்றது.

"தட்டை எடுத்து வை" என்றாள் அம்மா, திரும்பிப் பார்க்காமலே. நான் அப்பாவின் தட்டைத்தான் எடுத்து வைத்தேன். வாசலில் மாமா நின்றார்.

"எறங்க மாட்டேங்குதுக்கா. தூக்கத்துலகூட இருமுறேன். பயந்துபோய் ரூமைக் காலி பண்ணச் சொல்றாங்க. அத்தான் இடத்துல நீ நின்னு பாத்துட்டு, ஒரு திட்டு திட்டிடு. புண்ணியமாப் போகும்."

அப்பாவின் கட்டிலில் படுத்தார். மூச்சு இழுத்தது, நின்றது, இழுத்தது. கன்னம் ஒட்டிப்போயிற்று. பிறகு விரல்கள் காலரை நோக்கி ஊர்ந்தன.

"இதை யாருடா உனக்குச் சொன்னா?" என்றாள் அம்மா.

விரல்கள் தேடிக்கொண்டே இருந்தன. அம்மா ஓர் ஊசியை எடுத்து வந்து அந்தக் காலரில் குத்தினாள். விரல்கள் அதைத் தொட்டன. ஓய்ந்தன. மாமாவுக்கு மூச்சே இல்லை. நான் அலறிவிட்டேன்.

அவர் கண்ணைத் திறந்தார். "யாரும் சொல்லலக்கா. கேமரா முன்னாடி கை தானாப் போச்சு. திட்டுக்கா, எறங்கிடும்."

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு காலரிலிருந்து ஊசியை உருவி, மிஷின் பெட்டியில் திரும்ப வைத்தாள்.

"திட்ட மாட்டேன். உன்கிட்டயே இருக்கட்டும். வா, சாப்பிடு."

மாமா அழுதுகொண்டே சாப்பிட்டார். அப்பாவைப் போலவே முதலில் மோர் ஊற்றிக்கொண்டார்.

அதற்குப் பிறகு இந்திப் படத்தில் எந்தப் பெரியவர் சாவதென்றாலும் மாமாவைத்தான் கூப்பிட்டார்கள். நீதிபதி, சேட்டு, பெண்ணைப் பெற்றவர், எல்லோரும் ஊசி தேடியே செத்தார்கள்.

ஒவ்வொரு படத்துக்கும் அம்மா மதியக் காட்சிக்குத் தனியாகக் கிளம்புவாள். தம்பி மேல் எவ்வளவு பாசம் பார் என்று நான் தெருவெல்லாம் பெருமை பேசினேன். அப்பா போனதிலிருந்து பூவைத் தொடாதவள், அன்றைக்கு மட்டும் முக்காட்டுக்குள் மல்லிகை வைத்துக்கொண்டு போவாள். திரையில் அந்தச் சாவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து முக்காட்டை எடுத்தால் தலையில் பூ இருக்காது. கொட்டகைக் கூட்டத்தில் எங்கேயோ விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.