குதிகால்

தோணிரேவு மீனவன் லோகநாதனுக்கு வாய்க்கு முன்னால் கை போய்விடும். பங்காளி முறைத்தால் பங்காளிக்கு அறை, வலை சிக்கினால் வலைக்கு உதை. அவனை எதிர்த்து நிற்க ஏரிக்கரையில் ஆள் கிடையாது, பொண்டாட்டி மாலதியைத் தவிர.

மகன் விமலுக்கு ஆறு வயது. நுனிக்காலில்தான் நடப்பான், குதிகால் தரையில் படாது. ஆனால் கெண்டைக்கால் இரண்டும் நன்றாகத் திரண்டிருக்கும். கழி ஊன்றித் தோணி தள்ளுகிற ஊரில் ஆளின் பலத்தைக் கெண்டைக்காலில்தான் பார்ப்பார்கள். லோகநாதனும் வருகிறவன் போகிறவனை எல்லாம் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொல்வான். இத்தனை பலமுள்ள பையன் ஒழுங்காக நடக்கவில்லை என்றால் அது திமிர்தானே? அந்தத் திமிரை அடித்து இறக்கப் பார்த்தான் பாவி. முதலில் கையால், பிறகு பெல்ட்டால், பிறகு உடைந்த கழியால்.

"குதிகால வெய்டா!"

பையன் வைப்பான். நாலு எட்டில் தடுமாறி விழுவான். விழுந்ததற்கும் ஓர் அடி விழும்.

ஒருநாள் காலை துறையில் தோணிக்காரன் ராஜேந்திரன் சிரித்தான். "இன்னாடா, உன் புள்ள டான்ஸ் ஆடிக்கினே போறான்?"

லோகநாதன் அவன் மூக்கை உடைத்தான். ரத்தம் காயாத கையோடு வீட்டுக்கு வந்து, மகனின் பாதங்களைப் பலகையோடு வைத்து வலைக்கயிற்றால் இறுக்கினான். பையன் அலறிய அலறலில் மாலதி மீன் அரியும் கத்தியோடு ஓடி வந்தாள். கயிற்றை அறுத்தாள். தடுத்த புருஷனின் கையையும் கிழித்தாள்.

"இன்னொரு வாட்டி தொட்டின்னா கழுத்துல எறக்கிடுவேன். கெளம்பு பொன்னேரிக்கு. திமுரா, நோவானு டாக்டர் சொல்லட்டும்."

"வா. நாலு சாத்து சாத்துனுதான் சொல்லும்."

பொன்னேரி ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜாக்குலின் விமலை நடக்கவிட்டுப் பார்த்தார், பாதத்தை மடக்கிப் பார்த்தார். பிறகு தரையில் உட்காரவைத்து எழுந்திருக்கச் சொன்னார். பையன் குப்புறப் புரண்டு, கையை ஊன்றி, முழங்காலைப் பிடித்து, தொடையைப் பிடித்து, தன் உடம்பிலேயே ஏறி நின்றான். டாக்டரின் முகம் மாறிவிட்டது.

"காலப் பாருங்கம்மா, இரும்பு," என்றான் லோகநாதன்.

"அது பலம் இல்லப்பா. தசை உள்ள அழிஞ்சி, அந்த எடத்துல கொழுப்பு சேர்ந்திருக்குன்னு சந்தேகப்படறேன். இவன் விழாம இருக்கத்தான் நுனிக்கால்ல நிக்கிறான்."

ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். சில வாரம் கழித்து மூவரும் மறுபடி போனார்கள். தசைச்சிதைவு நோய், பிறவியிலேயே வந்தது என்றார் டாக்டர். மாத்திரையும் பயிற்சியும் கொஞ்ச காலம் தாங்கும், முழுசாகக் குணமாகாது, இன்னும் சில வருஷத்தில் நடை நின்றுவிடும். மாலதி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

லோகநாதன் எழுந்தான். மகனைத் தூக்கிக்கொள்ளக் கையை நீட்டினான்.

விமல் அந்தக் கையைப் பார்த்தான். பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு குதிகாலையும் தரையில் அழுத்தினான்.

"வெச்சிட்டேன் நைனா, வெச்சிட்டேன்," என்று கத்திக்கொண்டே மல்லாக்க விழுந்தான்.