அரை விரல் வாசல்

எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டுச் செங்கல் சூளை, கரும்பு வெட்டு, டைல்ஸ் வேலை என்று பல ஊர் மண்ணை மிதித்தாயிற்று. அளவு பிசகாமல் நான் செய்த வேலை ஒன்றே ஒன்றுதான். அதைக் கெடுக்கப் பார்த்ததும் நானே. அப்போது எனக்குப் பத்து வயது.

திண்டிவனத்துக்கு மேற்கே இருந்த எங்கள் ஊரில், பழைய சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரச் சாமியார்கள் மாதா கோயிலைச் சுற்றி மதில் எழுப்பி, நான்கு மூலையிலும் கொத்தளம் வைத்திருந்தார்களாம். இப்போது கோயில் மட்டும் நிற்கிறது. மதில் கற்கள் மேட்டுத் தெரு வீடுகளுக்குள் போய்விட்டன. அந்த வருடம் கிறிஸ்துமஸ் குடிலை அந்தக் கோட்டை மாதிரியே கட்டுவது என்று அம்மா முடிவு செய்தாள். அவள் சித்தாள். கோயில் வாசலில் வைக்கும் குடில் எப்போதும் மேட்டுத் தெருவிலிருந்துதான் வரும்; அதுவரை எங்கள் காலனியிலிருந்து போனதில்லை.

அப்பா சிரித்தார். "கோட்டைய நீ பாத்தியா?"

"அடிக்கல்லு கெடக்குதே. அளந்துக்கினு வர்றேன்."

கோயிலைச் சுற்றியுள்ள மல்லாட்டைக் கொல்லைகளில், கடலைச் செடிகளை மிதிக்காமல், மூன்று ஞாயிற்றுக்கிழமை நடந்தோம். அவள் வைக்கும் ஓர் எட்டுக்குக் குடில் கட்டும் பலகையில் ஒரு விரல் அகலம் என்று கணக்கு. எண்ணுவது என் வேலை. தவறினால் முதலிலிருந்து நடப்பாள். மேற்கே பெரிய வாசல், ஐந்து எட்டு. தெற்கே, எங்கள் காலனியைப் பார்த்த பக்கம், அரை எட்டில் ஒரு சந்து. அதன் படிக்கல் நடுவில் தேய்ந்து குழிந்திருந்தது.

பழைய கதவுப் பலகைமேல் களிமண் மதில் எழும்பியது. சுண்ணாம்பு அடித்தோம். வெளியே வயலுக்குக் கேப்பை விதைத்து முளைக்க வைத்தோம். உள்ளே மாதாவும் சூசையப்பரும்.

பண்டிகைக்கு முந்தின நாள் காலை மேட்டுத் தெருவிலிருந்து கோயில் பெரியவர் பார்க்க வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்து மெச்சியவர் தெற்கே குனிந்தார்.

"இன்னாம்மா இது, எலி வளையா?"

"வாசலுங்க. படிக்கல்லு இன்னும் கெடக்குது."

"கோட்டைக்கு ஒரே வாசல்தான். நல்ல நாளும் அதுவுமா பேஜாரு பண்ணாத. அத அடச்சிட்டு ஜல்தியா தூக்கிக்கினு வா. இல்லன்னா வேற குடிலு இருக்குது."

"இருக்கறத எப்டிங்க அடைக்கறது?" என்றாள் அம்மா. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அம்மா தண்ணீருக்குப் போன நேரத்தில் புளியங்கொட்டையளவு களிமண்ணை உருட்டி அந்தச் சந்தில் வைத்து அழுத்தினேன். மேலே சுண்ணாம்பும் பூசினேன். கொத்தனார்கூடக் கண்டுபிடிக்க முடியாது. பிறகு ஓடிப்போய், அடைத்தாயிற்று என்று பெரியவரிடம் சொன்னேன். அவர் ஆள் அனுப்பினார். அம்மா திரும்பியபோது குடில் கோயில் வாசலில் இருந்தது. மேட்டுத் தெருவே கூடி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அம்மா தெற்குப் பக்கம் உட்கார்ந்தாள். மதிலை விரலால் தடவினாள். என்னை ஒருமுறை பார்த்தாள். வாசலில் கிடந்த துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, ஈரம் காயாத அந்த மண்ணைக் குத்தி எடுத்தாள்.

"வச்சா இப்டித்தாங்க வைக்கணும்," என்றாள் பெரியவரிடம்.

"அப்ப ஒன் தெருவுலயே வச்சிக்கோ."

கூட்டத்தில் நின்ற அப்பா ஒரு முனையும் அம்மா ஒரு முனையுமாகப் பலகையைத் தூக்கினார்கள். குடில் எங்கள் தெருக் குழாயடியில் இருந்தது. மூன்று நாள் நான் அம்மாவோடு பேசவில்லை. ஈர்க்குச்சி நுழையும் ஓர் ஓட்டைக்காகக் கோயில் வாசலையே விட்டுவிட்டாளே என்று கோபம். பெரிய வாசல் இருக்க, அந்தச் சந்து வழியாக யார் உள்ளே போனார்கள் என்று பெரியவர் கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. அங்கே நின்றவர்களில் அது தெரியாதது எனக்கு மட்டும்தான்.